கணக்கு வினாவும் வேற்றுமை உருபும்



"கணக்கு வராத பிள்ளை" என்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளில் மிக எளிதாக வழங்கப்பெறும் ஒரு பட்டம். ஆறாம் வகுப்பில் ஒருமுறை அப் பட்டத்தைப் பெற்ற பிள்ளை, பத்தாம் வகுப்பு வரை அதனைச் சுமந்து செல்கின்றது. பெற்றோர் அஞ்சுகின்றனர். தமிழில் படிப்பதனாலன்றோ கணக்கு வரவில்லை என்று தாமே ஒரு முடிவுக்கு வந்து, கடன்பட்டேனும் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியிற் கொண்டுபோய்ச் சேர்க்கின்றனர். ஆங்கும் கணக்கு வருவதில்லை. முன்பு விடைதான் தெரியாதிருந்தது; இப்பொழுது வினாவும் தெரியாமற் போகின்றது.

அத்தகைய பிள்ளை ஒன்றனை அருகழைத்து, 40-உடன் 15-ஐக் கூட்டச் சொல்லுங்கள். 55 என்று நொடியிற் கூறும். 40-இலிருந்து 15-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 25 என்று கூறும். கூட்டவும் கழிக்கவும் நன்கறிந்த பிள்ளைதான் அது. இனி, இவ் வினாவைக் கொடுத்துப் பாருங்கள்: "கண்ணனிடம் உள்ள பணம், முருகனிடம் உள்ளதைவிட 15 உருபா குறைவு. கண்ணனிடம் 40 உருபா உள்ளது. முருகனிடம் எவ்வளவு உள்ளது?"

பிள்ளைகளுட் பலர் 25 என்று எழுதுவர். 'குறைவு' என்னும் சொல்லைக் கண்டவுடன் கை தானாகவே கழித்தற் குறியை இட்டுவிடுகின்றது. இதற்குப் பிள்ளையை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. 'குறைவு' என்றால் கழி, 'ஆக' என்றால் கூட்டு, 'மடங்கு' என்றால் பெருக்கு எனச் சொற்களைக் குறிப்புக் கற்களாக நட்டுக் கற்பிக்கும் ஆசிரியர் பலர் உளர். வினாவைப் படிக்காமலே விடை காணும் குறுக்குவழி இது. பத்து வினாக்களுள் ஏழனுக்கு இவ் வழி பயன்படும். எஞ்சிய மூன்றில் பிள்ளையைக் குழியில் தள்ளிவிடும்.

இவ் வினாவைத் தமிழாசிரியர் எவ்வாறு அணுகுவார்? 'விட' என்பது ஒப்புப் பொருளில் வரும் சொல்லுருபு; ஐந்தாம் வேற்றுமைக்கு உரிய இடத்தில் நிற்பது. ஒப்பு என்றால் இருவர் வேண்டும். ஒப்பிடப்படுபவன் ஒருவன், எவனோடு ஒப்பிடுகின்றோமோ அவன் மற்றொருவன். குறைந்தவன் யார்? கண்ணன். யாரைவிட? முருகனைவிட. அங்ஙனமாயின் மிகுதியாக வைத்திருப்பவன் முருகனே. ஆகவே 40-உடன் 15-ஐக் கூட்டுதல் வேண்டும், முருகனிடம் 55. பின்னர் விடையை வினாவுக்குள் மீண்டும் வைத்துப் படித்தல் வேண்டும்: 55-இல் 15 குறைந்தால் 40, கண்ணனிடம் உள்ளது 40, வினா பொருந்திற்று. 25 என்று எழுதிய பிள்ளையும் இவ்வாறு திரும்பப் படித்திருந்தால், கண்ணனிடம் 40, முருகனிடம் 25, பின் கண்ணன் எப்படிக் குறைந்தவன் ஆவான் என்று தானே நகைத்துக்கொண்டிருக்கும்.

இங்கே பிள்ளை தோற்றது வேற்றுமை உருபிடம். தமிழ் வகுப்பில் எட்டு வேற்றுமைகளையும் நெட்டுருப் பண்ணி ஒப்பிக்கும் அதே பிள்ளை, அடுத்த மணியில் கணக்கு வகுப்பில் அவ் வேற்றுமையைக் கண்டால் அடையாளம் தெரியாமல் விழிக்கின்றது. தமிழாசிரியரும் கணக்காசிரியரும் ஒரே பள்ளியில் இருந்தும் ஒருவர் பாடத்தை மற்றவர் எட்டிப் பாராமையே இதற்கு ஏது.

கணக்கின் நான்கு அடிப்படைச் செயல்களும் தமிழில் உருபுகளைக் கொண்டே நடைபெறுகின்றன. 7-ஓடு 5-ஐக் கூட்டு என்பதில் மூன்றாம் வேற்றுமை. 12-இலிருந்து 5-ஐக் கழி என்பதில் நீங்கற் பொருளில் ஐந்தாம் வேற்றுமை. 20-ஐ 5-ஆல் வகு என்பதில் இரண்டாவதும் மூன்றாவதும். இவ் வகுத்தல் தொடரில் உருபுகளை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4. 20-ஆல் 5-ஐ வகுத்தால் கால். எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, இரண்டு எழுத்தளவான உருபுகள் மாறின, விடை தலைகீழாயிற்று. ஆகலின் எண் நிற்கும் வரிசையை நம்பாமல் எண்ணின் வாலில் ஒட்டியுள்ள உருபை நம்புக என்பதே பிள்ளைக்குக் கூறவேண்டிய முதற் பாடம். "5-ஐ 12-இலிருந்து கழி" என்று பாடநூல் எழுதினும், உருபைப் பார்க்கும் பிள்ளை 12-ஐயே முன்னே எழுதும்.

ஆயினும் தமிழின் இயல்பான வரிசைக்கு ஒரு பெருஞ் சிறப்பு உண்டு. செய்யும் முறைப்படியே சொல்லும் முறையும் அமைந்திருக்கின்றது. "ஓர் எண்ணை மும்மடங்காக்கி, அதனுடன் 5-ஐக் கூட்ட, 26 வரும், அவ் வெண் யாது?" என்னும் வினாவை நோக்குங்கள். முதலில் எண், அடுத்து மும்மடங்கு, அதன்பின் ஐந்து, முடிவில் 26. ஆங்கிலத் தொடரோ ஐந்தை முன்னே வைத்து, மும்மடங்கை நடுவே வைத்து, எண்ணைக் கடைசியில் வைக்கும். தமிழ்ப் பிள்ளை தொடரின் ஒழுங்கிலேயே ஏறிச் சென்று, பின் வந்த வழியே இறங்கினாற் போதும். இறுதியிற் செய்தது கூட்டல். அதனை முதலில் அவிழ்க்க: 26-இலிருந்து 5-ஐக் கழிக்க 21. அதற்கு முன் செய்தது மும்மடங்கு; அதனை அடுத்து அவிழ்க்க: 21-ஐ 3-ஆல் வகுக்க 7. வேண்டிய எண் 7. திரும்பப் படிக்க: ஏழின் மும்மடங்கு 21, ஐந்து கூட்ட 26. இதே வினாவைக் குறியீட்டில் எழுதும்போது 'அவ் வெண்ணை அ என்க' என்று தொடங்குகின்றோமே, அந்த 'என்க' என்னும் வியங்கோள் முற்றுக்கு நிகரான அழகு எம்மொழியில் உண்டு?

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தின் சுளையை அறுக்காமலே எண்ணுதற்கு ஒரு வெண்பா உண்டு. காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. முள் 100 ஆயின் சுளை 120. எல்லாப் பலாவும் காரிநாயனாருக்குக் கட்டுப்படுமா என்பது வேறு வினா. அறுத்துப் பார்த்தவர்தாம் கூறவேண்டும். ஈண்டு நோக்கற்குரியது அதன் நடை. எண்ணி, பெருக்கி, வகுக்க என வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டுப் போல் அமைந்து, கற்பவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றன.

இனிக் கீழ்வாயிலக்கத்துக்கு வருவோம். 'பின்னம்' என்று பாடநூல்கள் கூறுவது இதனைத்தான். கரும்பலகையில் அரையுடன் காலைக் கூட்டு என்று எண்ணுருவில் எழுதிப் போட்டால், மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டி, 'ஆறில் இரண்டு' என்று விடை எழுதும் பிள்ளைகள் எண்ணற்றோர். அதே பிள்ளையைக் கடைக்கு அனுப்பி, அரைக் கிலோ பருப்பும் கால் கிலோ மிளகாயும் வாங்கி வரச் சொல்லிப் பை எவ்வளவு எடை என்று கேளுங்கள். முக்கால் கிலோ என்று கூறும். ஆறில் இரண்டு என்பது மூன்றில் ஒன்று. அது அரையைக் காட்டிலும் சிறியது. அரையுடன் ஒன்றைக் கூட்டிய பின் அரையினும் குறையுமா? வாயறிந்த கணக்கைக் கை அறியவில்லை.

காரணம், வகுப்பறையில் அவ் வெண்களின் பெயர் போய்விட்டது. 'இரண்டு பை மூன்று' என்று கூறுகின்றனர். இந்தப் 'பை' எங்கிருந்து வந்தது? கடைக்குக் கொண்டுபோகும் பையா? பிள்ளைக்கு அஃது ஒரு வெற்றொலி. 'மூன்றில் இரண்டு' என்று தமிழில் கூறிப் பாருங்கள். முதலில் மூன்றாகக் கூறிடு. அக் கூறுகளில் இரண்டை எடு. பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகின்றது. முக்கால் என்பதும் அப்படியே; மூன்று கால். அரைக்கால் என்றால் காலில் அரை, அஃதாவது எட்டில் ஒன்று.

முன்னோர் வழங்கிய கீழ்வாயிலக்கப் பெயர்களுள் மாகாணி என ஒன்றுண்டு. வீசம் என்பதும் அதுவே. பதினாறில் ஒன்று அதன் அளவு. மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. இது மெய்தானா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையே ஆய்ந்து பார்க்கலாம். இருபதும் எண்பதும் ஒருங்கே அடங்கும் மிகச் சிறிய எண் 80. இருபதில் ஒன்று, எண்பதில் நான்காகும். அதனோடு எண்பதில் ஒன்றைக் கூட்ட, எண்பதில் ஐந்து. மேலும் கீழும் 5-ஆல் வகுக்க, பதினாறில் ஒன்று. மாகாணி என்னும் பெயருக்குள் ஒரு கூட்டற் கணக்கும் விடையும் சேர்ந்தே உறங்குகின்றன!

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய சிறுவர் இக் கணக்கை இதனினும் எளிதாக முடித்தனர். முந்திரி என்னும் சிற்றெண்ணை அவர்கள் அடியாகக் கொண்டனர். அது 320-இல் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நான்கு கால் ஒன்று. நான்கையும் நான்கையும் ஐந்தையும் நான்கையும் பெருக்கிப் பாருங்கள், 320 வரும். எல்லாவற்றையும் முந்திரியாக்கிவிட்டால் கீழெண் ஒன்றாகிவிடும். பிறகு வெறுங் கூட்டல்தான். "அவன் சொன்னதில் முக்காலே மூணு வீசம் மெய்" என்று இன்றும் மக்கள் பேசுகின்றனரே, அதன் அளவு என்ன? முக்கால் 240 முந்திரி. ஒரு வீசம் 20 முந்திரி. மூன்று வீசம் 60. ஆக 300 முந்திரி. முழுமைக்கு இன்னும் 20 குறை. அஃதாவது ஒரே ஒரு வீசம் குறை. பதினாறில் பதினைந்து மெய், ஒன்று பொய் என்று இத்துணை நுட்பமாக அளந்து பேசுகின்ற மக்களின் பிள்ளைக்கா கணக்கு வராது?

இதனைக் கேட்டுப் பழைய முந்திரி வாய்பாட்டையே பள்ளியில் மீண்டும் வைக்கவேண்டும் என்று எவரும் கிளம்பிவிட வேண்டா. 320-ஐ மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். ஏழால் வகுத்தாலும் நிற்கும். மூன்றில் ஒன்று என்னும் எளிய எண்ணுக்கே முந்திரியில் முழு இடமில்லை. எவ்வெண்ணையும் கீழெண்ணாக ஏற்கும் இற்றை முறை அதனினும் பரந்தது. அதுவே பள்ளிக்கு வேண்டும். பழைய பெயர்கள் நல்ல பயிற்சிக் கணக்குகளாகப் பயன்பட்டாற் போதும்.

கலைச்சொல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தமிழ்நாட்டில் 'மீச்சிறு பொது மடங்கு' என்றும், ஈழத்தில் 'பொது மடங்குகளுட் சிறியது' என்றும் அழகிய பெயர்கள் பாடநூல்களில் ஏறிவிட்டன. சொல்லைப் பிரித்தாலே பொருள் விளங்கும்: மடங்குகளை எழுது, பொதுவானவற்றைத் தெரிந்தெடு, அவற்றுள் மிகச் சிறியதைக் கொள். இருந்தும் வகுப்பில் ஆசிரியர் வாயில் 'எல்.சி.எம்.' என்னும் மூன்றெழுத்தே வருகின்றது. யாழ்ப்பாணத்தவரான கறல் விசுவநாதபிள்ளை 1855-ஆம் ஆண்டிலேயே 'வீசகணிதம்' என்னும் பெயரால் குறியெழுத்துக் கணக்கைத் தமிழில் நூலாக்கினார். பெயர் வடமொழிவழி வந்ததாயினும், அக் கணக்கைத் தமிழில் விளக்க முடியும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. மறுபுறம், தனித்தமிழ் ஆர்வலரும் ஓரிடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'இலாபம்' என்பதற்கு 'ஊதியம்' என்னும் பழஞ்சொல் மிகப் பொருத்தமானதே. ஆனால் இன்று ஊதியம் என்றால் பிள்ளை, தந்தை திங்கள்தோறும் வாங்கும் சம்பளத்தையே நினைக்கும். அச் சொல்லை ஆளும் ஆசிரியர், விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழிக்க வருவது ஊதியம் என்று முதலில் நிலைநாட்டிவிட்டே கணக்கைத் தொடங்குதல் வேண்டும்.

இனி, பல பிள்ளைகள் இடறும் மற்றொரு வினா: "ஓர் உழவர் 120 மூட்டை நெல் அறுவடை செய்தார். அதில் கால் பங்கைக் கடனுக்கு அளந்தார். எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கை விற்றார். வீட்டில் மீந்தது எவ்வளவு?" விரைகின்ற பிள்ளை 120-இல் கால் 30 என்றும், 120-இல் மூன்றில் இரண்டு 80 என்றும் கண்டு, இரண்டையும் கழித்து 10 மூட்டை என்னும். உழவர் வீடு ஆண்டு முழுதும் பட்டினி கிடக்கவேண்டியதுதான்! வினாவின் உயிர் 'எஞ்சியதில்' என்னும் ஒரு சொல்லில் இருக்கின்றது. எதில் என்று உருபு கேட்கின்றது. எஞ்சியதில் என்று வினா கூறுகின்றது. ஆகவே எஞ்சியது எவ்வளவு என்று கண்ட பிறகே அடுத்த அடி எடுத்து வைத்தல் கூடும். 120-இல் கால் 30. எஞ்சியது 90. தொண்ணூற்றை மூன்று கூறாக்க ஒரு கூறு 30. இரு கூறு 60, இது விற்றது. மீந்தது 30. திரும்பப் படிக்க: கடனுக்கு 30, விற்றது 60, வீட்டுக்கு 30, ஆக 120.

உருபு வெளிப்பட நிற்கும் இடத்திலேயே இத்துணை இடர்ப்பாடு. உருபு மறைந்து நிற்கும் இடத்தில் என்னாகும்? தமிழிலக்கணம் அதனைத் தொகை என்று கூறும். தொகையை விரித்துப் பொருள் காணுதல் பாட்டுக்கு மட்டும் உரியதன்று. கடன்பட்ட ஏழைக்கும் உரியது. சிற்றூரில் 'மூணு வட்டி' என்று கூறிக் கடன் கொடுக்கின்றனர். வங்கியிலோ 'நூற்றுக்குப் பன்னிரண்டு' என்று எழுதியிருக்கின்றது. மூன்று சிறிதா, பன்னிரண்டு சிறிதா? மூன்றுதான் சிறிது என்று எண்ணி, எழுதப் படிக்கத் தெரிந்தவரும் போய்க் கழுத்தை நீட்டுகின்றனர்.

'மூன்று வட்டி' என்பதை விரிக்கவேண்டும். எதற்கு மூன்று? நூறு உருபாவுக்கு. எவ்வளவு காலத்துக்கு? ஒரு திங்களுக்கு. இரண்டு நான்காம் வேற்றுமைகளும் அவற்றோடு சேர்ந்த பெயர்களும் அத் தொகைக்குள் ஒளிந்து கிடக்கின்றன. வங்கி கூறுவதை விரித்தால், நூறு உருபாவுக்கு, ஓராண்டுக்கு, பன்னிரண்டு உருபா. 'கு' என்னும் உருபு இரண்டிலும் ஒன்றே. அது தொட்டு நிற்கும் காலம் வேறு.

இப்பொழுது கணக்கிடுக. முதல் 5,000 உருபா. காலம் எட்டுத் திங்கள். ('அசல்' என்று பலர் கூறுவது அரபுச் சொல், 'முதல்' என்னும் நல்ல தமிழ்ச் சொல் வணிகர் வாயில் இன்றும் வாழ்கின்றது.) 5,000-இல் எத்தனை நூறு? 50. மூன்று வட்டிக்கு, ஒரு நூற்றுக்கு ஒரு திங்களில் 3 உருபா. 50 நூற்றுக்கு 150. எட்டுத் திங்களுக்கு 1,200 உருபா. வங்கிக் கணக்கில், ஒரு நூற்றுக்கு ஓராண்டில் 12 உருபா. 50 நூற்றுக்கு 600. ஓராண்டு என்பது பன்னிரண்டு திங்கள். ஒரு திங்களுக்கு 50. எட்டுத் திங்களுக்கு 400 உருபா. இடைவெளி 800 உருபா. மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு நூற்றுக்கு 36 என்பதைத் தொகையை விரித்த பிள்ளைதான் காணும். மிகை வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே சட்டம் செய்யப்பட்டுள்ளது. ஆயினும் வாங்குவது மிகை என்பதை முதலில் கடன்பட்டவர் வீட்டில் ஒருவரேனும் கணக்கிட்டுக் காணவேண்டும் அன்றோ? அவ் வீட்டில் கணக்குப் படிப்பது பெரும்பாலும் அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுதான்.

ஆகவே கணக்காசிரியர்கள் இவ் வினாவையும் பயிற்சியாகக் கொடுக்கலாம். சந்தையில் காய் விற்கும் ஓர் அம்மையார் காலையில் ஒருவரிடம் 1,000 உருபா கடன் கேட்கின்றார். "நூற்றுக்குப் பத்து" என்று கூறிய அவர், வட்டி 100 உருபாவை முன்னரே பிடித்துக்கொண்டு 900 உருபாவைக் கையிற் கொடுக்கின்றார். மாலையில் 1,000 உருபாவாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வட்டி நூற்றுக்கு எவ்வளவு?

பத்து என்று எழுதும் பிள்ளையிடம், எதற்கு என்னும் வினாவை எழுப்புக. அம்மையார் கையில் வந்த முதல் எவ்வளவு? 900. அதற்கு வட்டி 100. அங்ஙனமாயின் ஒன்பது நூற்றுக்கு 100 உருபா. ஒரு நூற்றுக்கு, 100-ஐ 9-ஆல் வகுக்க, ஈவு 11, மீதி 1. அஃதாவது பதினொன்றும் ஒன்பதில் ஒன்றும். காலத்தையும் சேர்த்து விரித்து எழுதச் சொல்லுக: நூறு உருபாவுக்கு, ஒரு பகற்பொழுதுக்கு, 11 உருபாவுக்கு மேல்.